மூன்று மதிப்பெண் விடை

ஜூன் 3, திங்கள்

தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். ஜூலை ஆறாம் தேதி, சனிக்கிழமை. ஐ.டி. சேவை மேலாண்மையில் இடைநிலைச் சான்றிதழ். போன வருடம் தொடக்க நிலையில் தேறியதையே அம்மா இன்னும் பக்கத்து வீடுகளில் "எங்க மோகனா கம்ப்யூட்டர்ல மேனேஜ்மென்ட் முடிச்சிருக்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதற்கு என்ன சொல்வாளோ.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமம். அங்கே எந்தக் கணினி நின்றாலும், எந்த பிரின்டர் மக்கர் செய்தாலும் அந்த ஊர் நர்ஸ் எங்களை அழைப்பார். நாங்கள் சரவணம்பட்டியில் ஏழாம் மாடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சொல்வதைக் கேட்டு, புகாரை டிக்கெட்டாகப் பதிந்து, அந்தக் கிளையில் இருக்கும் இன்ஜினியரைச் சரியான இடத்துக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்.

இன்று காலைக் கூட்டத்தில் எங்கள் லீட் தனபால் சார் ஒரு செய்தி சொன்னார். ஆகஸ்ட் முதல் சாட் வழியாக உதவி கேட்பது நிறுத்தப்படும். இனி எல்லாம் போன்தான். இத்தனை நாளும் சாட்டில் வருவதையெல்லாம் நானே எடுத்துக்கொள்வேன். எழுத்தில் பேசுவது எனக்கு வசதி. மற்றவர்களுக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை.

இன்னொரு செய்தியும் சொன்னார். கண்ணாடி அறையில் இருக்கும் பிராப்ளம் குழுவில் ஓர் இடம் காலியாகிறது. அங்கே போனே கிடையாது. ஒரே கோளாறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று காரணம் தேடுவதுதான் அவர்கள் வேலை. இடைநிலைச் சான்றிதழ் இருந்தால்தான் நேர்காணலுக்கே கூப்பிடுவார்கள்.

அந்த இடம் எனக்கு வேண்டும். காரணம் தேடுவது எனக்குப் பிடிக்கும்.

ஜூன் 5, புதன்

ரம்ஜான். நிலோஃபர் விடுப்பு. என் இடது பக்க நாற்காலி காலி. ஏசி நேராகத் தலையில் இறங்கும் இடம் அது. வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவளுக்கு மட்டும் குளிர்காற்று பிடிக்குமாம். சால்வையைப் போர்த்திக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். போன வருடம் தானாகக் கேட்டு மாறி வந்ததிலிருந்து அங்கேதான்.

மதியம் தனபால் சார் என் மேசையருகே வந்து நின்றார். முகம் சரியில்லை.

"மூணு தடவ கூப்பிட்டாச்சுங்க" என்றார்.

டிக்கெட்டில் மூழ்கியிருந்தேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் அப்படி எளிதில் கோபப்படுபவர் அல்ல.

ஜூன் 6, வியாழன்

நிலோஃபர் ஒரு பெரிய டப்பா நிறைய பிரியாணி கொண்டுவந்தாள். உக்கடத்தில் இருக்கும் அவள் வீட்டு மணம் ஏழாம் மாடி முழுக்க. அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நன்றி என்று இங்கே எழுதிவைக்கிறேன். நேரில் சொன்னால், "அடங்குடி, அடுத்த வருஷமும் இருக்கு" என்பாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலை முழுக்கப் படித்தேன். இந்தத் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்தது மதிப்பெண் போடும் முறை. ஒரு நீண்ட சூழலைத் தருவார்கள். ஒரு நிறுவனம், அதில் ஒரு குழப்பம். கீழே நான்கு விடைகள். சரி, தவறு என்று பிரிப்பதில்லை. மிகச் சிறந்த விடைக்கு ஐந்து. அதற்கடுத்ததற்கு மூன்று. அதற்கும் அடுத்ததற்கு ஒன்று. ஒரு விடைக்கு மட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்ய விடையைத்தான் மிக அழகாக எழுதியிருப்பார்கள்.

மூன்று மதிப்பெண் விடை பொய் சொல்வதில்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். நான் படித்த நாவல்களில் பெரும்பாலான மனிதர்கள் தங்கள் வாழ்க்கைக்குச் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் இந்த வகைதான் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஒண்ணு சரி, மூணு தப்புன்னு வெச்சாப் பத்தாதா? எதுக்கு இத்தன வளவளப்பு?"

"வேலையில எதுவும் முழுசா தப்பா இருக்காதும்மா."

"எங்க சூப்பர்வைசர் வந்து பாக்கோணும் இத" என்றாள்.

அம்மா அங்கன்வாடி ஆசிரியை. முப்பது குழந்தைகளை அடக்கிய குரல். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் அம்மா சொல்வது எனக்கு முழுதாக விழும். அந்தக் குரலுக்காகவும் நன்றி சொல்ல வேண்டும். அம்மாவிடம் பேசும்போது நான் களைப்பதில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர்கள் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. புத்தகம் இருக்கிறது. புத்தகத்தில் யாரும் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குவதில்லை.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் திண்டுக்கல் கிளையிலிருந்து அழைப்பு. பிரின்டர் ஓடவில்லை, அவசரம் என்றார்கள். லேப் என்று காதில் விழுந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு இன்ஜினியரை அனுப்பினேன். அவர் போய்ப் பார்த்து, "பிரின்டர் நன்றாக ஓடுகிறது, கோளாறு இல்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்.

ஓடாத பிரின்டர் லேபில் இல்லை. லேபர் ரூமில். பிரசவ அறை. குழந்தை பிறந்தவுடன் தாயின் கையிலும் குழந்தையின் காலிலும் ஒரே எண் போட்ட பட்டை கட்டுவார்கள். அந்தப் பட்டையை அச்சடிக்கும் பிரின்டர்.

சாப்பாட்டு நேரத்தில் லூர்து சிஸ்டர் மறுபடி அழைத்தார். பிரசவ அறைக்குத் தலைமை நர்ஸ் அவர்தான். இம்முறை அவர் குரலில் ஓர் எழுத்தும் தவறவில்லை.

"ஏம்மா, லேபர்னா உனக்கு லேபா? அங்க ரத்தம் எடுப்பாங்க. இங்க புள்ள எடுப்போம்."

மன்னிப்புக் கேட்டேன். குழந்தைகள் பத்திரமா என்று கேட்டேன்.

"பத்திரமா இல்லாம? பிளாஸ்டரக் கிழிச்சு, பேனாவுல பேரெழுதிக் கால்ல ஒட்டிட்டேன். இன்னைக்குன்னு பாத்து ரெட்டப்புள்ள வேற. ரெண்டும் ஒரே ஜாடை. ஆள அனுப்பு மொதல்ல, அப்புறம் வருத்தப்படலாம்."

இப்படி நிலைமையை ஓட்டிவிடுவதற்கு எங்கள் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. ஒர்க்அரவுண்ட். கோளாறு தீரும்வரை வேலை நிற்காமல் இருக்க ஒரு மாற்று வழி. லூர்து சிஸ்டரின் பிளாஸ்டரைவிட நல்ல உதாரணம் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

டிக்கெட்டில், "அழைப்பில் இரைச்சல், சரியாகக் கேட்கவில்லை" என்று எழுதினேன். திண்டுக்கல் லைன் எப்போதும் அப்படித்தான்.

நிலோஃபர் என் மேசையில் ஒரு கடலைமிட்டாயை வைத்துவிட்டுத் தன் அழைப்புக்குத் திரும்பினாள்.

ஜூன் 14, வெள்ளி

படிக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளின் கால்களே நினைவில்.

ஜூன் 17, திங்கள்

நல்லதொரு விதி வந்திருக்கிறது. இனி யார் அழைப்பை எடுத்தாலும், முடிவில், "எந்த இடம், எந்த மெஷின்னு ஒரு வரி மெசேஜ் போட்டுருங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வரி டிக்கெட்டில் வந்து விழும். அதைப் பார்த்த பிறகுதான் ஆளை அனுப்ப வேண்டும்.

காலையில் வந்தபோதே மொத்த வரிசையும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் சொல்ல ஆரம்பித்தேன். எவ்வளவு இலகுவாக இருக்கிறது தெரியுமா. பேச்சில் பாதி கிடைத்தாலும் எழுத்து வந்து மீதியைக் கொடுத்துவிடுகிறது. ஒரு நர்ஸ் "ஓ.பி. ரெண்டாவது கவுண்டர், பில் மெஷின், சீக்கிரம் ப்ளீஸ், கூட்டம்" என்று அனுப்பினார். அந்த ஒரு வரியில் அந்த மருத்துவமனையே கண்ணில் தெரிந்தது.

தனபால் சாருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். திண்டுக்கல் விஷயத்தில் என்னைக் கூப்பிட்டுத் திட்டாமல், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழி செய்திருக்கிறார்.

ஜூன் 20, வியாழன்

மாதிரித் தேர்வு. தேறும் அளவுக்கு ஒரு விடை குறைகிறது. இரண்டு இடங்களில் அழகான பூஜ்யத்தில் விழுந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

இந்த நோட்டில்கூட ஒன்றை எழுதாமல் இருந்திருக்கிறேன். இன்று ஒரு பயிற்சிக் கேள்வியில் இப்படி இருந்தது: ஊழியர்கள் ஒரு கோளாறைத் தெரிந்தும் பதிவு செய்வதில்லை, பதிவு செய்யாததால் யாராலும் உதவ முடிவதில்லை. என்ன செய்வீர்கள்?

ஐந்து மதிப்பெண் விடையைச் சரியாகக் குறித்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு இந்த நோட்டை எடுத்தேன்.

ஜனவரியில் காது டாக்டரிடம் தனியாகப் போனேன். இடது காது பெருமளவு போய்விட்டது. வலது காதும் குறைந்துகொண்டு வருகிறது. உட்செவி நரம்பு. மருந்தில் திரும்பாது, கருவி வைத்தால் நன்றாக உதவும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். மெல்லிய ஒலிகளும் சொற்களின் ஓரங்களும் முதலில் போகும் என்றார். அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். குக்கர் விசில் எனக்குக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆவியைப் பார்த்து எண்ணுகிறேன்.

திண்டுக்கல் லைனில் இரைச்சல் இல்லை.

காதில் ஹெட்செட் மாட்டிப் பிழைப்பவள் காது கேட்கவில்லை என்று எங்கே போய்ச் சொல்வது? ஆகஸ்டில் சாட் நின்றுவிட்டால் என்னால் அந்த நாற்காலியில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. கண்ணாடி அறை கிடைத்தால் யாருக்கும் தெரியாமலே தப்பித்துவிடலாம். அதற்காகத்தான் படிக்கிறேன். காரணம் தேடுவது பிடிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் அது மூன்று மதிப்பெண் விடை.

ஜூன் 26, புதன்

எங்கள் பாடத்தில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும். இதை யார் கொண்டுவந்தது, யார் பொறுப்பு என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்க வேண்டும். படித்ததை அலுவலகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் இன்று தனபால் சாரிடம் போனேன்.

"சார், அந்த ஒரு வரி மெசேஜ் விதிக்கு உரிமையாளர்னு உங்க பேரை எழுதலாமா? பயிற்சிக்காகக் கேட்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எம் பேர எதுக்குங்க? நீங்க கொண்டாந்ததுக்கு நான் உரிமை கொண்டாட முடியுமுங்களா?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். மறுபடி சொல்லச் சொன்னேன்.

"மோகனா சொன்ன யோசனைன்னு நிலோஃபர் வந்து சொல்லுச்சுங்க. நல்லா இருந்துச்சு, எல்லாரையும் பண்ணச் சொன்னேன். தப்பான இடத்துக்கு ஆள் போறது பாதியாக் கொறஞ்சிருக்குது. மேல அனுப்பற ரிப்போர்ட்லயும் உங்க பேருதான் போட்டிருக்கேன். பிராப்ளம் டீம் இன்டர்வியூவுக்கு அது ஒதவுமுங்க."

ஒரு விதியின் உரிமையாளரைத் தேடிப் போனேன். அது நான் என்று தெரிந்துகொண்டு திரும்பினேன். அப்படி ஒன்றை நான் சொல்லவே இல்லை.

ஜூன் 27, வியாழன்

கேன்டீனில் நிலோஃபரைப் பிடித்தேன். சுவரோரமாக, அவள் முகம் தெரியும்படி உட்கார்ந்தேன். எப்போதும் அப்படித்தான் உட்கார்கிறேன் என்பதே இன்றுதான் உறைத்தது.

"நீதானே?"

"எது?"

"அந்த ரூல்."

"எந்த ரூல்? டீ ஆறுது, குடி."

"நிலோ."

அவள் வடையைப் பிய்த்து வாயில் போட்டு, மென்று முடிக்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

"சரி, நான்தான். இப்ப என்னங்கற?"

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"போன வருஷம் ஃபயர் அலாரம் டெஸ்ட் பண்ணாங்கல்ல. மொத்த மாடியும் காதைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. தனபால் சார் போன்னு நெனச்சு கால்குலேட்டரை எடுத்துக் காதுல வெச்சிக்கிட்டாரு. நீ மட்டும் டைப் பண்ணிட்டிருந்த. நல்லா வேகமா."

ஆறிய டீயை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"முதல்ல, படிப்ஸ், உலகமே தெரியாம இருக்கான்னு நெனச்சேன். அப்புறம் உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு உன்னையத் திட்டிப் பார்த்தேன்."

"என்னன்னு திட்டின?"

"அதெல்லாம் உனக்குக் கேக்காததே நல்லது."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

"நீயே சொல்லல. நான் எப்படிடி சொல்றது?"

"என் பேரை எதுக்குச் சொன்ன?"

"என் யோசனைன்னு சொன்னா, உனக்கு இது எங்கிருந்து தோணுச்சுன்னு கேப்பாங்க. அப்ப உன்னையச் சொல்லணும். மோகனா யோசனைன்னு சொன்னா, அந்தப் பொண்ணு நெறைய படிக்கும், எதோ படிச்சிருக்கும்னு விட்டுருவாங்க. விட்டாங்கல்ல?"

நான் இத்தனை வருடம் வாசித்த எந்தப் புத்தகத்திலும் ஒருத்தியை மறைப்பதற்காக அவள் பெயரையே முன்னால் நிறுத்திய ஆளைச் சந்தித்ததில்லை.

நன்றி என்றேன். "வடை காசு நீ குடு" என்று எழுந்து போனாள்.

ஜூன் 30, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அங்கன்வாடில ஒரு புள்ள கூப்பிட்டாத் திரும்பலைன்னா, காது டெஸ்ட் பண்ணுங்கன்னு அதோட அம்மாக்காரி பின்னாடியே போவேன். நீயும் திரும்பல. புஸ்தகத்துல இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. இறங்கியதும் எனக்குப் பாதி விழவில்லை. அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனித்தாள். கிட்டே வந்து, முகத்துக்கு நேராக நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ஜூலையில் தேர்வு முடிந்ததும் இருவரும் டாக்டரிடம் போகிறோம்.

ஜூலை 5, வெள்ளி

நாளை. அடையாள அட்டை, தண்ணீர். நிலோஃபர் அனுப்பிய மெசேஜ்: "அழகா இருக்கிற விடையத் தொடாதே."

ஜூலை 6, சனி

தேறிவிட்டேன். கணினித் தேர்வு, முடித்தவுடனே மதிப்பெண் தெரிந்துவிடும்.

தேர்வறை எனக்கு அமைதியாக இருந்தது. வெளியே வந்த ஒருவர், ஏசி சத்தம் தாங்கவில்லை என்றார். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. இதிலும் ஒரு நன்மை.

ஒரு கேள்வி மட்டும் நினைவில் நிற்கிறது. ஒரு நிறுவனத்தில் ஒரே மாதிரி கோளாறு பல முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிடுகிறார்கள். ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவே ஊசலாடி ஒன்றைக் குறித்தேன். எதைக் குறித்தேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை.

மதிப்பெண்ணைப் பார்த்ததும் முதலில் அம்மாவை அழைத்தேன். அவள் "பாஸா?" என்று கத்தியதில் பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூலை 11, வியாழன்

நாளை நேர்காணல். ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது. அந்த விதியைப் பற்றிக் கேட்பார்கள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதற்கு அழகான பதில் தயாராக இருக்கிறது: ஒலியில் நெருங்கிய சொற்கள், அழைப்புகளின் ஆய்வு, இத்யாதி. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நிலோஃபரே, "அதையே சொல்லிட்டு வேலைய வாங்கு" என்கிறாள்.

உண்மையைச் சொன்னால் கண்ணாடி அறையும் போகலாம், இந்த நாற்காலியும் போகலாம்.

ஜூலை 12, வெள்ளி

அறையில் இருவர். தனபால் சார். பிராப்ளம் குழுவின் தலைவி வசுமதி மேடம். மேடத்தை இதற்கு முன் லிஃப்ட்டில்தான் பார்த்திருக்கிறேன். எதிர்பார்த்ததுபோலவே, நாலாவது கேள்வி அதுதான்.

"இந்த மெசேஜ் ரூல் பிரமாதம். தப்பான இடத்துக்கு ஆள் போறதுக்கு மூல காரணம் என்னன்னு கண்டுபிடிச்சு இதைக் கொண்டுவந்தீங்க?"

"நான் கொண்டுவரலை மேடம். நிலோஃபர் கொண்டுவந்தாங்க. மூல காரணம் என் காது."

சொல்லிவிட்டேன். இடது காது, வலது காது, ஜனவரி, திண்டுக்கல், இரைச்சல் என்று நான் எழுதிய பொய். எல்லாவற்றையும். குரல் உயர்ந்துவிட்டதா, தாழ்ந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. என் குரல் எனக்கு அளவு தெரிவதில்லை இப்போதெல்லாம்.

முதலில் பேசியது தனபால் சார்.

"அன்னிக்கு மூணு தடவ கூப்பிட்டும் திரும்பலைங்க நீங்க. திமிருன்னு நெனச்சுட்டனுங்க. ரெண்டு நாளு வீட்ல போயும் சொல்லிச் சொல்லிப் பொருமிட்டிருந்தேன்." கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "தப்புங்க."

வசுமதி மேடம் கணினியை என் பக்கம் திருப்பினார். முகத்தையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு, வாய் தெரிய, நிதானமாகப் பேசினார்.

"இது எல்லாக் கிளைகளோட பழைய டிக்கெட்டு. தப்பான இடத்துக்கு ஆள் போனது மட்டும் எடுத்திருக்கேன். லேபர் ரூமுக்குப் பதிலா லேபுக்குப் போனது இதுல எத்தனைன்னு பாருங்க. நீங்க சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு. உங்க பேர்ல இருக்கிறது கொஞ்சம்தான். இவங்கெல்லாம் நல்லா காது கேக்கிறவங்க. இவங்க ஏன் தப்பு பண்ணாங்க?"

பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெயர்கள். ஒரு வரியில் தனபால் சாரே இருந்தார். அவர் லீட் ஆவதற்கு முந்தைய காலம். அவர் இருமினார்.

"டிக்கெட் போடுற பக்கத்தைத் திறங்க" என்றார் மேடம். "பிரின்டர் லிஸ்ட்டை இறக்குங்க."

தினமும் நான் திறக்கும் பக்கம். இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. எல், ஏ, பி, ஒன்று. எல், ஏ, பி, ஆர், ஒன்று. நடுவே ஒரேயொரு ஆங்கில எழுத்துதான் வித்தியாசம். சரியாகக் கேட்டவர்களும் அவசரத்தில் முதல் வரியைத் தொட்டிருக்கிறார்கள். யாரோ எப்போதோ வைத்த பெயர். கண்ணெதிரே இருந்தும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் அது கோளாறாகத் தோன்றவில்லை.

திண்டுக்கல் அழைப்பு நினைவுக்கு வந்தது. எனக்கு லேப் என்று விழுந்தது உண்மை. ஆனால் லேபர் என்றே விழுந்திருந்தாலும் நான் எந்த வரியைத் தொட்டிருப்பேன்?

"உங்க காது ஒரு காரணம். மூல காரணம் இல்ல" என்றார் மேடம். "நல்ல விடைதான். ஆனா மூணு மார்க்குதான் குடுக்க முடியும்."

அவரும் இதே தேர்வை எழுதியவர் என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆறு மாதமாக எல்லாப் பழியையும் என் தலைக்குள் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். அதில் பெரும்பாதி என்னுடையதே இல்லை என்று ஒருத்தர் கணினித் திரையில் காட்டுகிறார்.

"மூணை வெச்சும் பாஸ் ஆகலாமா மேடம்?"

"மூணு இல்லாம யாரும் பாஸ் ஆனதில்ல" என்றார். "இருபத்திரண்டாம் தேதி வந்துருங்க. முதல் வேலை, அந்தப் பேரை மாத்துறது. அதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. மீட்டிங்ல நான் வேகமாப் பேசுவேன்."

ஜூலை 15, திங்கள்

கருவிக்கு அளவு எடுத்தார்கள். வர இரண்டு வாரம் ஆகும். அம்மா டாக்டரிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டாள். கடைசியில் அவரே, "அம்மா, எனக்கு நல்லாவே கேட்குது" என்றார்.

ஜூலை 22, திங்கள்

கண்ணாடி அறை. ஹெட்செட் இல்லாத மேசை.

காலை முழுக்க ஒவ்வொரு கிளைக்கும் எழுதி, பட்டியலில் பெயர்களை மாற்றினேன். இப்போது முழுப் பெயராகத் தமிழிலேயே இருக்கிறது: பிரசவ அறை, கைப்பட்டை பிரின்டர். ரத்தப் பரிசோதனைக் கூடம், முடிவு பிரின்டர். திண்டுக்கல்லிலிருந்து லூர்து சிஸ்டரின் மெசேஜ் டிக்கெட்டில் வந்து விழுந்தது. "இப்பத்தான் எங்களுக்குப் பேர் வெச்சிருக்கீங்க. ரெட்டைங்க நல்லா இருக்கு. எது எதுன்னு அம்மாவுக்குத் தெரியும்."

விதியின் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை அழித்து, நிலோஃபர் என்று எழுதினேன். தனபால் சார் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் நேராக என் இடது பக்கம் போய் நாற்காலியை இழுத்தாள். மேலே பார்த்தேன். இந்த அறையிலும் ஏசி அந்தப் பக்கம்தான்.

"அங்க வேணாம். இந்தப் பக்கம் வந்து உட்காரு" என்றேன். "இதுலதான் எனக்குக் கொஞ்சம் கேட்கும்."

அவள் நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள்.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு வருஷம் ஆச்சாடி? அந்தப் பக்கம் யாராச்சும் கூப்பிட்டா உன்னையத் தட்டிச் சொல்லணும்னு அந்த ஏசிக்குக் கீழ உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு சைனஸே வந்துருச்சு."

"உனக்குக் குளிர்காத்து பிடிக்கும்னு சொன்ன."

"எந்த மனுஷிக்குடி பிடிக்கும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

அவள் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் எனக்கு விழுந்தது.